நாலாவது லேனுக்கு ஒரு கையுறை

பரிசுக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்து, ஆள்காட்டி விரலை மடக்கி அதன் அடியில் ஒரு தட்டுத் தட்டுகிறார். காதருகே கொண்டுபோய்க் கேட்கிறார். அதுவும் போதாதென்று மோந்து பார்க்கிறார்.

"தகரம்."

"பித்தளை சார். மேல முலாம் போட்டிருக்கு," என்கிறார் கடைக்காரர்.

"மேல என்ன வேணா இருக்கட்டும். உள்ள தகரம். நம்மளை மாதிரி."

கடைக்காரர் எனக்கு ஒரு முக்காலியை நகர்த்திப் போடுகிறார். இந்த ஆள் கடைக்குள் வந்தால், கூட வந்தவர்கள் உட்கார வேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். வரிசையாக இருக்கிற கோப்பைகளையெல்லாம் தட்டி, மோந்து, தள்ளிவைத்துவிட்டுக் கடைசியில் மூலையில் கிடக்கும் ஒரு மழைக்கோட்டையோ மடக்குக் கத்தியையோ எடுத்துக்கொண்டு புறப்படுவார். கோப்பை வாங்குவதில்லை என்ற முடிவோடுதான் வருகிறார். ஆனாலும் தட்டிப் பார்க்காமல் போக மாட்டார்.

"கப்புங்கறது என்ன சிஸ்டர்? தூசிக்குக் கட்டிக் குடுத்த வீடு," என்கிறார் என்னிடம், வெளியே வந்ததும்.

எங்கள் ஊர் ரைபிள் கிளப்பில் இவருக்குப் பரிசுக்காரர் என்று பெயர். ஆண்டுப் போட்டிக்கும் நடுநடுவே வரும் சின்னப் போட்டிகளுக்கும் பரிசு தேர்ந்தெடுப்பது இவர் பொறுப்பு. யாரும் வற்புறுத்திக் கொடுத்த வேலையல்ல, இவராக எடுத்துக்கொண்டது. முன்பு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். அதை விற்றுவிட்டார். ஒரு கண்ணாடி மூக்கிலும் இன்னொன்று தலையிலும் இருப்பது மட்டும் மாறவில்லை. சில நாள் மூன்றாவது ஒன்றைத் தேடிக்கொண்டும் இருப்பார்.

அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தான் நான் அந்த வீட்டுக்குப் போகிறேன். படுத்திருப்பவர்களைத் திருப்பிப்போட்டு, குளிப்பாட்டி, நடக்கவைத்துத்தான் இவ்வளவு காலம் ஓட்டியிருக்கிறேன். நோயாளியைக் கவனிக்கப் போகிற வீட்டில் மற்றவர்களையும் கவனித்துவிடுவது தொழில் பழக்கம்.

இவருடைய பழக்கங்கள் எல்லாம் துப்பாக்கியோடு பிறந்தவை. செய்தித்தாள் படிக்கும்போது இடக்கண்ணை மூடிக்கொள்வார். பேரம் பேசும்போதும் அப்படித்தான். கண்ணடிக்கிறார் என்று நினைத்துக் காய்கறிக்காரி ஒருமுறை தராசைக் கீழே வைத்துவிட்டாள். டீ ஊற்றும்போது மூச்சை நிறுத்திக்கொள்வார். கோப்பை நிறைந்தபின்தான் மூச்சு வரும். நின்றால் நேராக நிற்கமாட்டார். இடது தோளை முன்னால் கொடுத்து, உடம்பை முழுக்க வலப்பக்கம் திருப்பிக்கொண்டு நிற்பார். பஸ் நிறுத்தத்தில், மருந்துக்கடையில், எங்கே பார்த்தாலும் இந்த நிலைதான். பெஞ்சில் உட்கார்ந்தால் இடது ஓரமாக உட்கார்ந்து வலப்பக்கத்தைக் காலியாக விடுவார். நான் முதலில் கழுத்துச் சுளுக்கு என்று நினைத்தேன். தைலம்கூடத் தேய்த்துவிட்டேன்.

பரிசு விஷயத்தில் இவருக்கு ஒரே கொள்கை. ஒவ்வொரு மனிதனுக்கும் தேவையான ஏதோ ஒன்று அவனிடம் இருக்காது, அதை அவனே கடைக்குப் போய் வாங்கவும் மாட்டான். அதுதான் பரிசு. கிளப்பில் ஒரு ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் உண்டு. ஆயுள் முழுக்க நின்றுகொண்டே சம்பாதித்தவர். அவர் அடிக்கடி ஜெயிக்கும் பிரிவுக்கு மடக்கு நாற்காலி ஒன்றை வாங்கி வைத்தார். கண்டக்டர் ஜெயித்தார். இப்போது கல்யாண வீட்டுக்குக்கூட அந்த நாற்காலியோடுதான் போகிறார் என்று கேள்வி.

"யாரு ஜெயிப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"அது தெரியாது. யாரு ஆசைப்படுவாங்கன்னு தெரியும். ஆசைப்படறவன் கொஞ்சம் கவனமாச் சுடுவான். அவ்வளவுதான் என்னால செய்ய முடிஞ்சது."

தவறுவதும் உண்டு. பல் டாக்டர் நாள் முழுக்கக் குனிந்தே நிற்கிறாரே என்று கழுத்துக்கு வைக்கிற தலையணை ஒன்று வாங்கினார். அந்த ஆண்டு பல் டாக்டர் கோட்டைவிட, தலையணை ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது.

"அங்கிள், எனக்கு எதுக்கு இது? கழுத்தெல்லாம் வலிக்கலையே."

"வலிக்கும்மா. வெச்சிரு."

வாங்கிய பரிசுகளெல்லாம் போட்டி நாள்வரை அவர் மனைவியின் கட்டிலுக்கு அடியில் இருக்கும். நான் படுக்கையை உயர்த்தவோ இறக்கவோ கைப்பிடியைச் சுற்றும்போது, கீழே ஏதாவது நசுங்குகிற சத்தம் கேட்கும். "என்னைத் தூக்கிட்டுப் போக வர்றவங்க மொதல்ல டார்ச் லைட்டு, பிளாஸ்க்கு எல்லாத்தையும் தாண்டி வரணும். பாதியிலயே திரும்பிப் போயிடுவாங்க," என்பாள் அந்த அம்மா. நோயாளிகளில் இவள் ஒரு ரகம். பிறவியிலேயே இடக்கைக்காரி. வலக்கை விழுந்துவிட்டதைப் பற்றி வருத்தத்தோடு விசாரிக்க வருகிறவர்களிடம், "போனது சும்மா தொங்கிட்டிருந்த கைதானே. அது இருந்தப்பவும் ஒரு வேலை செஞ்சதில்ல," என்று சொல்லி அனுப்பிவிடுவாள். வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. சிகிச்சைக்கு அது பெரிய உதவி.

அந்த வீட்டில் என்னைக் குழப்பியது ஒன்றுதான். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கொளுத்துகிற வெயிலாக இருக்கும். எங்கே என்றால் பதில் வராது. அவர் தெருமுனை திரும்பும் நேரத்துக்கு இங்கே போன் அடிக்கும். நான் எடுத்து அந்த அம்மாவின் காதில் வைப்பேன். அவளுடைய அண்ணன் பேசுவார். சாப்பிட்டாயா, விரல் அசைகிறதா, மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்று நான் கேட்பதைத்தான் அவரும் கேட்பார். பேசி முடித்துக் கொஞ்ச நேரம் கழித்துப் பரிசுக்காரர் திரும்பி வருவார். சட்டை நனைந்திருக்கும். அந்த அம்மாவிடம் ஒன்றும் கேட்கமாட்டார். அடுக்களைக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் கேட்பார்.

"இருமினானா சிஸ்டர்?"

"யாரு?"

"போன்ல. இருமல் இருந்துதா? பனிக்காலத்துல அவனுக்கு நெஞ்சுல சளி கட்டும்."

வெயில் காலத்திலும் இதையே கேட்டார்.

ஒரே ஊர்தான். அண்ணன் வீடு நகரத்தின் மறுகோடியில். அச்சகம் நடத்தி ஓய்ந்தவர். தங்கை படுத்தபிறகும் இந்த வீட்டு வாசலை அவர் மிதிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் இருந்தபோது மட்டும், வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போயிருக்கும் சமயம் பார்த்து வந்துபோனாராம். என்ன விஷயம் என்று நான் கேட்கவில்லை. மடங்கிப்போன விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிவிடும் பயிற்சிக்குக் காலையில் நிறைய நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில் நோயாளிகள் தாங்களாகவே எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். அவளைப்போலவே அவள் அண்ணனும் இடக்கைக்காரர். ரைபிளை நின்று சுடும்போது வலக்கைக்காரர்கள் இடது தோளை இலக்குக்குக் கொடுத்து, வலப்பக்கம் பார்த்து நிற்பார்கள். இடக்கைக்காரர் இதற்கு நேர்மாறாக, இடப்பக்கம் பார்த்து நிற்பார். கிளப்பில் மற்ற எல்லோரும் வலக்கைக்காரர்கள். ஆகவே ஆளுக்கு ஒரு லேன் என்று வரிசையாக நிற்கும்போது, ஒவ்வொருவரும் பக்கத்து லேன்காரரின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் சுடுகிறார்கள். மூன்றாவது லேனில் இவரும் நாலாவது லேனில் மச்சானும் நின்ற காலத்தில், இவர்கள் இரண்டுபேர் மட்டும் எதிரும் புதிருமாக முகம் பார்த்து நிற்பார்கள். ஒரு குண்டுக்கும் அடுத்த குண்டுக்கும் நடுவில் துப்பாக்கியை இறக்கினால் எதிரே மச்சான் முகம். கேலியெல்லாம் கண்ணாலேயே நடக்கும். அங்கே பேசக்கூடாது என்பது விதி.

ஒரு ஆண்டுப் போட்டியின் இறுதிச் சுற்று. மச்சானும் மாப்பிள்ளையும் சமமாக வந்துகொண்டிருந்தார்கள். கடைசிக் குண்டுக்கு முன் மச்சான் ஏதோ முகக்கோணல் காட்ட, இவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு துப்பாக்கியைத் தூக்கிச் சுட்டார். சுட்டது மச்சானுடைய இலக்கு அட்டையில். பக்கத்து அட்டையில் சுட்டுவிடுவது இவர்கள் விளையாட்டில் மட்டும் நடக்கக்கூடிய தவறு. எவ்வளவு பெரிய ஆளுக்கும் ஒருமுறை நடக்குமாம். மச்சானும் தன் கடைசிக் குண்டைச் சுட்டுவிட்டார். அவர் அட்டையில் ஒரு ஓட்டை கூடுதல். கடைசியாக விழுந்த இரண்டில் ஒன்று நடுவில், பத்துப் புள்ளி. இன்னொன்று தள்ளி, எட்டு. எது யாருடையது என்று யாராலும் சொல்லமுடியாது. அப்படி வந்தால் அதிகமாக உள்ளதை அட்டைக்குரியவருக்குக் கொடுக்கவேண்டும் என்பது விதி. கோப்பை மச்சானுக்குப் போனது.

அதோடு முடிந்திருக்கும். டீ குடிக்கும்போது இவர் எல்லோர் முன்னாலும், "மச்சான் கையில இருக்கறது என் பத்து. சீர் வரிசையில விட்டுப்போச்சு, இப்பக் குடுத்துட்டேன்," என்று சொல்லிவிட்டார். கிளப்பே சிரித்தது. அடுத்த வாரமும் சிரித்தது. ஓசிக் கப்பு என்று யாரோ பெயர் வைத்தார்கள். மச்சான் ஒருநாள் கோப்பையைக் கொண்டுவந்து கிளப் மேசையில் வைத்தார். துப்பாக்கியை உறையில் போட்டார். போய்விட்டார்.

"சுட்டதுக்காக இல்ல சிஸ்டர். சொன்னதுக்காக," என்றாள் அந்த அம்மா. "எங்கண்ணன் ஒருத்தர்கிட்ட ஒரு தீப்பெட்டி ஓசி வாங்க மாட்டான். அவனைப் போயி... அந்த எட்டு இருக்கே, அதுதான் இவரோடது. எனக்குத் தெரியும். இவரு மொகறைக்குப் பத்தா?"

அதற்கப்புறம் பரிசுக்காரர் போட்டியில் கலந்துகொண்டதில்லை. கோப்பையும் வாங்கியதில்லை. எனக்கு அப்போதுதான் அந்தக் கழுத்துச் சுளுக்கு விளங்கியது. தைலத்தை நிறுத்திவிட்டேன்.

இந்த ஆண்டுப் போட்டிக்கு முன்னால் ஒருநாள், விரல் பயிற்சி நேரத்தில் ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்து நின்றார். இடது தோள் முன்னால்.

"உங்கண்ணன் கையும் உன் கையும் ஒரே அச்சுன்னு உங்கம்மா சொல்லுவாங்க இல்ல?"

"எதுக்கு?"

"சும்மாதான்."

"சும்மா கேக்கற மூஞ்சியா இது? எதுக்குன்னு சொல்லுங்க."

சொன்னார். ரைபிளைத் தாங்கிப் பிடிக்கும் கைக்குக் கெட்டியான தோல் உறை போடுவார்கள். வலக்கைக்காரர்களுக்கு அது இடக்கையில். கடைகளிலும் இடக்கை உறைதான் கிடைக்கும். இடக்கைக்காரருக்கு வலக்கையில் வேண்டும். மச்சான் சுட்ட காலம் முழுக்க ஒரு பழைய சாக்கை மடித்துக் கையில் சுற்றிக்கொண்டுதான் சுட்டார். கேட்டால் இதுவே போதும் என்பார். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்கள் பிரிவுக்கு இந்த ஆண்டு அப்படி ஒரு வலக்கை உறைதான் பரிசு.

அந்த அம்மா பேசாமலிருந்தால் நான் நாடி பிடித்துப் பார்ப்பது வழக்கம். நன்றாகத்தான் இருந்தது.

"ஊருல இருக்கறவனுக்கெல்லாம் பரிசு வாங்கறீங்க. ஒரு போனைப் போட்டு, மச்சான் நான் சொன்னது தப்புன்னு சொல்ல வாய் வரல. அதுக்குப் பதிலா உறை தைக்கப் போறீங்களா?"

"வாயால வந்தது வாயால போவுமா? கையை நீட்டு."

"நீட்டினா நீளுமா? சிஸ்டரைக் கேளுங்க."

கை முஷ்டியாக மடங்கி இறுகியிருந்தது. தாளை ஒரு பலகைமேல் வைத்து, மணிக்கட்டை முதலில் தளர்த்தி, கட்டைவிரலைப் பிரித்து, மற்றதை ஒவ்வொன்றாக நீட்டிப் பிடித்துக்கொண்டேன். நான் ஒரு விரலை விட்டால் அது திரும்ப மடங்கிவிடும். அவர் மூச்சை நிறுத்திக்கொண்டு, இடக்கண்ணை மூடிக்கொண்டு, விரல்களைச் சுற்றிப் பென்சிலை ஓட்டினார். சுண்டுவிரல் பக்கம் பென்சில் இறங்கியது.

"கூச்சமா இருக்கு," என்றாள் அந்த அம்மா.

எனக்கு அது முக்கியமான செய்தி. அந்தக் கையில் உணர்ச்சி திரும்பிக்கொண்டிருக்கிறது என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டும். அவர் அதைக் கவனிக்கவில்லை. கோட்டைச் சுற்றி இன்னொரு கோடு போட்டுக்கொண்டிருந்தார். "அவனுக்கு இதைவிட ஒரு நூல் பெருசா இருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தோல்பை தைக்கிற ஒருவர் கிளப்பில் உறுப்பினர். அவர் கடை மச்சான் இருக்கும் தெருவிலேயே இருந்தது. இதை யோசித்துத்தான் அவரிடம் கொடுத்தார் என்பது என் ஊகம். உறை தயாராகி வந்தபோது கிளப் செயலாளர் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். ஓய்வுபெற்ற பொறியாளர், பேன்ட்டில் மடிப்புக் கலையாத மனிதர்.

"சார், இது வலக்கைக்குத் தெச்சிருக்கு. தப்பா தெச்சுட்டான்."

"சரியாத்தான் தெச்சிருக்கான்."

"அறுபது தாண்டின பிரிவுல இடக்கைக்காரர் யாரு இருக்கா? ஒருத்தரும் இல்லையே."

"ஒருத்தர் இருந்தாரு."

"இருந்தாரு. இப்ப இல்ல. வராதவருக்குப் பரிசு வெச்சா வந்தவரு என்ன பண்ணுவாரு? ஒத்தைக் கையுறையை வெச்சுக் கரண்டி பிடிப்பாரா?"

பரிசுக்காரர் இடக்கண்ணை மூடிக்கொண்டு அவரைப் பார்த்தார். "உறை நல்ல தோல். தட்டிப் பாருங்க," என்றார். அவ்வளவுதான் அவருடைய வாதம். உள்ளே கட்டிலிலிருந்து, "அவரு பரிசு வாங்கற வேலையை நீங்க எடுத்துக்கறீங்களான்னு கேளுங்க சிஸ்டர்," என்று குரல் வந்தது. செயலாளர் டீ குடித்துவிட்டுப் போனார். கிளப் வாசல் பலகையில் உறையின் படத்தோடு அறிவிப்பு ஒட்டப்பட்டது. தோல்பைக்காரர் தன் கடைக் கண்ணாடியிலும் ஒன்று ஒட்டினார்.

பிறகு காத்திருப்பு. நோயாளிகளின் காத்திருப்பு எனக்குத் தெரியும். டாக்டர் வரும் வழியைப் பார்ப்பார்கள், மணி கேட்பார்கள். இவர் எதுவும் கேட்கமாட்டார். வீட்டில் இருக்கும் எல்லா பூட்டுக்கும் எண்ணெய் போட்டார். கட்டிலுக்கு அடியில் இருந்த பரிசுகளை வெளியே எடுத்துத் துடைத்து, திரும்ப அடுக்கினார். உறையை மட்டும் ஒரு துணியில் சுற்றித் தனியாக வைத்தார். சிலசமயம் அதைத் தன் வலக்கையில் மாட்டிக்கொண்டு, கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மத்தியானம் போன் நேரத்துக்கு வழக்கம்போல வெயிலில் கிளம்பிவிடுவார்.

ஒரு சாயந்திரம் தோல்பைக்காரர் வந்தார்.

"பாத்தாரு," என்றார்.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. நின்னு பாத்தாரு. போயிட்டாரு. அப்புறம் தீப்பெட்டி வாங்கற மாதிரி திரும்பி வந்து இன்னொரு தடவை பாத்தாரு."

"இருமினானா?"

போட்டியன்று தானும் வருவேன் என்று அந்த அம்மா பிடிவாதம் பிடித்தாள். தலை வாரி, நல்ல புடவை கட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். சுடுமிடம் என்று சொன்னால் ஏதோ மைதானம் என்று நினைத்திருந்தேன். நீளமான தகரக் கொட்டகை. ஒரு முனையில் ஆட்கள் நிற்கிறார்கள், மறுமுனையில் தலைக்குமேல் எண்கள், எண்களுக்குக் கீழே உள்ளங்கை அகல அட்டைகள். சத்தமும் பெரிதில்லை. ஏர் ரைபிள், தகரத்தில் சாவியால் தட்டுவதுபோல. கண்டக்டர் தன் மடக்கு நாற்காலியை எனக்குக் கொடுத்தார். உண்மையிலேயே நல்ல நாற்காலி.

அறுபது தாண்டியவர்கள் முறை வந்தது. நாலாவது லேனில் பரிசுக்காரரே போய் அட்டையை மாட்டிவிட்டு வந்திருந்தார். மூன்றாவதில் கண்டக்டர் நின்றார். நாலாவது காலி.

"ஆள் இல்லன்னா அந்த அட்டையை எடுத்துடலாமே," என்றார் செயலாளர்.

"இருக்கட்டும். அது என்ன சாப்பாடா கேக்குது?"

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்த அம்மா என் கையை இடக்கையால் பிடித்திருந்தாள். நல்ல பிடி.

வாசலில் ஒரு ஒல்லியான மனிதர் வந்து நின்றார். தோளில் நீளமான பழைய துப்பாக்கி உறை. யாரையும் பார்க்காமல் நேராகத் தங்கையிடம் வந்தார்.

"அழாத."

"யாரு அழறா? இந்தக் கண்ணு தானா வழியும்ணே. சிஸ்டரைக் கேளு."

உண்மைதான். பக்கவாதத்தில் சிலருக்குக் கண் வழியும். ஆனால் அவளுக்கு வழிவது வலக்கண் மட்டும். அன்று இரண்டும் வழிந்தன. துண்டை எடுத்துக் கொடுத்தேன்.

மச்சான் நாலாவது லேனுக்குப் போனார். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்தார். வலக்கையில் ஒரு சாக்குத்துண்டைச் சுற்றிக்கொண்டார். வலது தோளைக் கொடுத்து, இடப்பக்கம் பார்த்து நின்றார். எதிரே கண்டக்டர் முகம். கண்டக்டர் திடீரென்று ஒரு மனித முகத்தைப் பார்த்துவிட்ட கூச்சத்தில் ஒரு கும்பிடு போட்டார்.

ஆளுக்கு ஐந்து குண்டு. பரிசுக்காரர் பின்னால் சுவரோடு நின்றார். மச்சான் துப்பாக்கியைத் தூக்கும்போதெல்லாம் இவருக்கு மூச்சு நின்றது. ஐந்தாவது குண்டுக்கு முகம் கருத்துவிட்டது. எழுந்து போகலாமா என்று நான் யோசிக்கும்போது மச்சான் சுட்டார். இவருக்கு மூச்சு வந்தது.

அட்டைகளை எடுக்கப் போனவர்களோடு பரிசுக்காரரும் போய், நாலாவதை மட்டும் தானே கழற்றினார். அங்கேயே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. கொட்டகையின் இந்த முனைவரை நடந்து வந்து, டீ மேசைக்கு முன்னால் நின்று, எல்லோரும் பார்க்கும்படி அட்டையை வாசல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஓட்டைகள் வழியாக வெயில் தெரிந்தது. விரல் வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"அஞ்சு ஓட்டை," என்றார். கிளப்பில் அவர் சத்தமாகப் பேசி யாரும் கேட்டுப் பல காலம் இருக்கும். "நல்லா பாத்துக்குங்க. அஞ்சு. அஞ்சும் மச்சானோடது."

டீ ஊற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அன்னிக்கும் அப்படித்தான். அந்தப் பத்து அவனோடது. எட்டுதான் என்னோடது."

கட்டிலருகே அந்த அம்மா வாயால் நான் கேட்ட அதே வார்த்தை. நாற்காலியில் இருந்த அந்த அம்மா அண்ணனைப் பார்க்கவில்லை, இவரைப் பார்த்தாள். மச்சான் சாக்குத்துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்து முடித்ததைப் பிரித்து, திரும்ப மடித்தார்.

மதிப்பெண் கூட்டிப் பார்த்தார்கள். ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் கண்டக்டர் ஜெயித்திருந்தார்.

பரிசுக்காரரின் முகத்தை அப்போது நான் பார்த்தேன். ஊசி போடும்போது சில பெரிய மனிதர்கள் வைத்துக்கொள்ளும் முகம். துணியைப் பிரித்து உறையை எடுத்துச் செயலாளரிடம் கொடுத்தார். செயலாளர் கண்டக்டரிடம் கொடுத்தார். கண்டக்டர் ஆசையாக இடக்கையில் மாட்டினார். கட்டைவிரல் போக வேண்டிய இடத்தில் சுண்டுவிரல் போய் நின்றது. கொட்டகை முழுக்கச் சிரித்தது.

"யோவ், இது யாரு கைக்குன்னு எல்லாருக்கும் தெரியும்," என்று சிரித்தவர்களிடம் சொல்லிவிட்டுக் கண்டக்டர் உறையை மச்சானிடம் நீட்டினார். "இந்தாங்க, நீங்களே வெச்சுக்குங்க."

மச்சான் வாங்கிக்கொண்டார். வலக்கையில் மாட்டினார். மணிக்கட்டுவரை ஏறி, விரல்களில் கச்சிதமாக உட்கார்ந்தது. முஷ்டியை மடக்கித் திறந்தார். தங்கை பக்கம் திரும்பி, "யாரு கையை அளந்தாங்க?" என்றார். அவள் மடியில் கிடந்த கையைக் கண்ணால் காட்டினாள். அவர் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு உறையைக் கழற்றிக் கண்டக்டரிடமே கொடுத்துவிட்டார்.

"ஓசியில வாங்கிப் பழக்கமில்ல. அடுத்த வருஷம் சுட்டு எடுத்துக்கறேன். அதுவரைக்கும் பூஞ்சை பிடிக்காமப் பாத்துக்குங்க."

"எண்ணெய் போட்டு வெக்கறேன்," என்றார் கண்டக்டர்.

எல்லோரும் டீக்கு நகர்ந்தார்கள். மச்சான் பரிசுக்காரரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து துப்பாக்கியைத் துடைத்து உறைக்குள் வைத்தார். மாலை மாத்திரைக்கு நேரமாகிவிட்டதால் நான் சக்கர நாற்காலியின் தடையை எடுத்தேன்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர்," என்றாள் அந்த அம்மா.

பரிசுக்காரர் டீ வாங்கப் போகவில்லை. காலியாகிவிட்ட சுடும் வரிசையில் மூன்றாவது லேனுக்குப் போய் நின்றிருந்தார். கையில் துப்பாக்கி இல்லை. காலை அகட்டி, இடது தோளை இலக்குக்குக் கொடுத்து, உடம்பை வலப்பக்கம் திருப்பி, பஸ் நிறுத்தத்தில் நிற்பதுபோல நின்றார். எதிரே நாலாவது லேனில் யாரும் இல்லை.

மச்சான் துப்பாக்கி உறையின் ஜிப்பைப் பாதிவரை இழுத்திருந்தார். கை நின்றது.

"அங்க என்ன பண்றாரு அந்த ஆளு?"

"தெனமும் அப்படித்தான்ணே நிக்கறாரு," என்றாள் தங்கை. "கடையில, ரோட்டுல, எல்லா இடத்துலயும்."

கொட்டகையில் அந்த ஜிப் திரும்பத் திறக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பரிசுக்காரருக்கும் கேட்டிருக்கும். அவர் அசையவில்லை. மூக்கில் இருந்த கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மாட்டிக்கொண்டு, இடக்கண்ணை மூடாமல், இரண்டு கண்ணையும் நன்றாகத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.